வயிறு பொருமி அழும் பிள்ளையின் ஆச்சிமார்களுக்கு

ஆச்சி, அப்பத்தா, அம்மாச்சி, பாட்டி, அத்தை என்று வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிட்டாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். பெற்றவளுக்கு இதை எழுதவில்லை. அவளிடம் பிரசவ வார்டில் பேசுகிறோம், தடுப்பூசிக்கு வரும்போது பேசுகிறோம், வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரும் பேசுகிறார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறாள். ஆனால் வீட்டுக்குப் போனபின் பிள்ளையின் வாயில் என்ன விழும் என்பது அவள் கையில் இல்லை. நாலு பிள்ளை வளர்த்த கை உங்களுடையது. அந்த வீட்டில் உங்கள் பேச்சுத்தான் எடுபடும். அதனால் உங்களிடமே நேராகக் கேட்க வந்திருக்கிறேன். தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர் நான்.

நம் தமிழ்நாட்டில் இன்று வீட்டில் பிள்ளை பெறுகிறவர்கள் அநேகமாக யாரும் இல்லை. எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். அப்படியிருந்தும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் நாடு முழுவதும் 100-க்கு 64 பேர் அளவில் இருக்கிறார்கள். நம் மாநிலத்தில் ஏறத்தாழ 55 பேர்தான். இவ்வளவு ஆஸ்பத்திரியும் இவ்வளவு செவிலியரும் இருக்கிற மாநிலம் இதில் பின்தங்கி நிற்பது எனக்கு ஆறவில்லை. பால் மாவு, வேலைக்குப் போகும் அவசரம் என்று பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, பிள்ளை வயிற்றுப் பொருமலில் அழுகிறது என்று நாம் எடுக்கிற சங்கும் பாலாடையும்.

அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் பார்ப்பது சரிதான். விளக்கு வைக்கிற நேரம் ஆனதும் ஆரம்பிக்கும். அதுவரை சமத்தாகத் தூங்கிய பிள்ளை காலை மடக்கி வயிற்றோடு சேர்க்கும், கையை முறுக்கும், முகம் செக்கச்செவேலென்று சிவக்கும். வயிற்றைத் தொட்டால் விண்ணென்று இருக்கும். முக்கும். காற்றுப் பிரியும். மார்பில் போட்டால் ரெண்டு வாய் குடித்துவிட்டு உதறிக்கொண்டு மறுபடி கத்தும். பத்து மணி, பதினொரு மணி வரை வீடே அல்லோலகல்லோலப்படும். பெற்றவளும் பிள்ளையோடு சேர்ந்து அழுவாள். அந்த நேரத்தில் எதையாவது செய்யாமல் சும்மா இருக்க எந்த ஆச்சிக்கு மனசு வரும்? அந்தப் பதைப்பு எனக்குப் புரிகிறது.

ஆனால் இந்த அழுகைக்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் பிரேசில்டன் என்ற குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரை விட்டே நாள்தோறும் குறித்துவைக்கச் சொல்லி 1962-ல் வெளியிட்டார். நோயில்லாத, நன்றாக வளர்கிற குழந்தைகள். அவர்களும் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து அழுகையைக் கூட்டிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தில் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் அழுதார்கள். அழுகை மிகுந்திருந்தது சாயங்கால நேரத்தில்தான். அதற்குப் பிறகு குறைந்துகொண்டே வந்தது. அதற்கும் முன்பே, 1954-ல், வெஸ்ஸல் என்பவர் ஒரு அளவுகோல் சொன்னார். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதைக் கோலிக் என்று வைத்துக்கொள்ளலாம் என்று. அப்படி அழும் பிள்ளைகளுக்கும் மூன்று, நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடுகிறது.

வயிற்றில் காற்று சேர்வதால் பிள்ளை அழுகிறது என்று நாம் நினைக்கிறோம். பல நேரம் நடப்பது தலைகீழ். அழ அழ காற்றை விழுங்குகிறது, விழுங்கிய காற்று வயிற்றை உப்ப வைக்கிறது, அது மேலும் அழ வைக்கிறது. போதாததற்கு, தாய்ப்பாலில் இருக்கும் சர்க்கரையில் கொஞ்சம் பெருங்குடல் வரை போய் அங்கே இருக்கும் கிருமிகளால் புளித்துக் காற்றாகும். அவை நல்ல கிருமிகள், பிள்ளைக்கு வேண்டியவை. குடல் இப்போதுதான் வேலை பழகுகிறது. முக்குவதும் நெளிவதும் காற்றுப் பிரிவதும் அந்தப் பழக்கத்தின் சத்தம். இதை நோய் என்று எடுத்துக்கொண்டு மருந்தைத் தேடும்போதுதான் உண்மையான நோய் உள்ளே வருகிறது.

"நாங்க கொடுத்தோம், நின்னுச்சே" என்று நீங்கள் சொல்வீர்கள். எத்தனையோ பாட்டிமார் என்னிடம் சொன்னதுதான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அழுகை உச்சத்துக்குப் போகும் ஐந்தாம், ஆறாம் வாரத்தில்தான் மனசு தாங்காமல் மருந்தைத் தொடங்குகிறோம். அதற்குப் பிறகு அழுகை எப்படியும் குறையப்போகிற காலம். கொடுத்தாலும் குறையும், கொடுக்காவிட்டாலும் குறையும். நல்ல பெயர் மட்டும் மருந்துக்குப் போய்விடுகிறது. இன்னொன்றும் உண்டு. இனிப்பு நாக்கில் பட்டால் பச்சைப்பிள்ளை சில நிமிடம் அடங்கும். ஊசி போடும் முன் வலி தெரியாமலிருக்க நாங்கள் ஆஸ்பத்திரியில் தாய்ப்பாலோ சர்க்கரைக் கரைசலோ ஒரு சொட்டு நாக்கில் வைப்பது இதனால்தான். கரண்டியில் எதை இனிப்பாகக் கொடுத்தாலும் பிள்ளை திகைத்து அழுகையை நிறுத்தும். வயிறு சரியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

கிரைப் வாட்டரின் கதையும் இதுதான். 1851-ல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் என்ற ஊரில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் செய்தது அது. சதுப்பு நிலப் பக்கத்துக் குழந்தைகளுக்கு வந்த முறைக்காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தைப் பார்த்து, சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கூடவே சாராயமும் சேர்த்துச் செய்தார். பிள்ளை ஏன் அடங்கியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று கடையில் விற்பதில் சாராயம் இல்லை. இனிப்பு இருக்கிறது. அழுகையை அது தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்ச் சேர்ந்த சிபாரிசு அது. சிபாரிசு செய்தவர்கள் அன்பாகத்தான் செய்தார்கள். ஓம வாட்டரும் அப்படித்தான். உங்கள் வயிற்றுக்கு அது நல்லதாக இருக்கலாம். இருபது நாள் குடலுக்கு அது தேவையில்லை.

மெடிக்கல் ஷாப்பில் "பிள்ளைக்கு வயித்து வலி, ஒரு சொட்டு மருந்து கொடுங்க" என்று கேட்டு வாங்குகிறோமே, அதில்தான் எனக்குப் பயம் அதிகம். சிமெத்திகோன் மட்டும் உள்ள சொட்டு உடம்பில் கலக்காது, பெரிய கெடுதல் செய்யாது. ஆனால் மருந்தே இல்லாத வெறும் சொட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது கோலிக் அழுகைக்கு அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. டைசைக்ளோமின் என்ற மருந்து கலந்த சொட்டு வேறு கதை. அதை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சுத் திணறல், வலிப்பு, உயிரிழப்பு வரை நடந்திருக்கிறது. தயவுசெய்து வீட்டில் இருக்கும் பாட்டிலை இப்போதே எடுத்து, படிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டி, அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீசிவிடுங்கள். மூத்த பேரனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து இளையவளுக்கு வாங்காதீர்கள்.

இனி உரை மருந்து. இதைச் சொல்லும்போது பலர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். வசம்பைப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். விளக்கில் கருக்கிய வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு என ஒவ்வொன்றாகக் கல்லில் இழைத்து, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுகிறீர்கள். எத்தனை இழைப்பு? ஒருத்தர் ரெண்டு என்பார், ஒருத்தர் ஏழு என்பார். காய் முற்றலா பிஞ்சா, கை அழுத்தி இழைத்ததா லேசாக இழைத்ததா, எதுவுமே அளவில் இல்லை. மூன்று கிலோ உடம்புக்குள் எவ்வளவு போனது என்று இழைத்தவருக்கே தெரியாது. வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருள் எலிகளுக்குக் கட்டியை உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968-லேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தார்கள். சாதிக்காய் அளவு மீறினால் பெரியவர்களுக்கே மயக்கம் வரும். உரை மருந்து கொடுத்தால் பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்கிறீர்கள். அந்தத் தூக்கம் எனக்கு நிம்மதி தரவில்லை. பால் குடிக்க எழுந்திருக்க வேண்டிய பிள்ளை அது.

அந்தக் கல்லையும் பாருங்கள். அடுப்படி ஜன்னல் திட்டில், நேற்று இழைத்தது காய்ந்து ஓரத்தில் படிந்திருக்க, பல்லியும் கரப்பானும் போய்வரும் இடத்தில் கிடக்கிறது. சித்த மருத்துவத்தை நான் பழிக்கவில்லை. படித்த சித்த மருத்துவர் பிள்ளையைப் பார்த்து, வயதும் எடையும் கேட்டு, பொறுப்பேற்று எழுதிக் கொடுப்பது வேறு. அடுத்த வீட்டில் கொடுத்தார்கள் என்று நாமே இழைப்பது வேறு. கையில் வசம்பு வளையல் கட்டினால் அதையும் பிள்ளை வாயில் வைத்துச் சப்பும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை ஒரு துளியும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை பச்சைக்குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும். பிள்ளையின் தசைகள் தளர்ந்து, பால் உறிஞ்சும் சக்தியும் மூச்சு விடும் சக்தியும் போகும். சேனை வைப்பது நம் குலவழக்கம், குணமுள்ள பெரியவர் கையால் வைத்தால் பிள்ளைக்கும் அந்தக் குணம் வரும் என்ற ஆசை எனக்கும் தெரியும். அந்தப் பெரியவர் தாயின் சீம்பாலையே ஒரு சொட்டு விரலில் எடுத்து வைக்கட்டும். சடங்கும் நடக்கும், பிள்ளைக்கும் நல்லது. சர்க்கரைத் தண்ணீர், வெந்நீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்கி, ஆறு மாதம் வரை தண்ணீர்கூட இல்லாமல் தாய்ப்பால் மட்டும் என்று சொல்வதன் காரணம் எளிது. வெயில் காலத்திலும் தாய்ப்பாலிலேயே பிள்ளைக்கு வேண்டிய தண்ணீர் இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வைட்டமின் சொட்டும் மருந்தும் மட்டும் இதற்கு விலக்கு. வெளியிலிருந்து உள்ளே போகும் ஒவ்வொரு பாலாடையும் பிள்ளை மார்பில் உறிஞ்சுவதைக் குறைக்கும். உறிஞ்சுவது குறைந்தால் பால் ஊறுவது குறையும். அப்புறம் "பால் போதலை" என்று புட்டியை எடுப்போம். புட்டியில் காற்று இன்னும் அதிகமாக உள்ளே போகும்.

வெளிப்பிரயோகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை ரெண்டு நாள் வெளிக்குப் போகவில்லை என்று வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைக்காதீர்கள். ஒரு மாதம் தாண்டிய தாய்ப்பால் பிள்ளை சில நாள் போகாமல் இருப்பதும் உண்டு, ஒரு நாளைக்கு எட்டு முறை போவதும் உண்டு. போவது இளக்கமாக இருந்தால் அது மலச்சிக்கல் அல்ல. முக்கி முக்கி அழுவது, வயிற்றை அழுத்தும்போது கீழ்ப்பக்கத்தைத் தளர்த்த வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும் வேலை. காம்பு வைத்தால் புண் ஆகும், அதோடு கற்றுக்கொள்வதும் தள்ளிப்போகும். தொக்கம் எடுக்கவும் குடல் தட்டவும் யாரிடமும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வயிற்றில் சூடு போடுவது கொடுமை, அதை நினைக்கவே கூடாது. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதுவதும் வேண்டாம். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. வெற்றிலையை வாட்டி வயிற்றில் போடுவதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. தொப்புள் ஆறியிருக்க வேண்டும், சூடு உங்கள் கன்னத்தில் வைத்தால் இதமாக இருக்கிற அளவுக்கு மேல் போகக் கூடாது. பச்சைத்தோல் நொடியில் வெந்துவிடும்.

இப்போது என் பெரிய மனக்குறைக்கு வருகிறேன். பிள்ளை அழுதால் முதலில் யாரைப் பிடிக்கிறோம்? பெற்றவளை. "நீ எதைத் தின்ன?", "உன் பாலில் வாயு", "நேத்து உருளைக்கிழங்கு தின்னியே, அதான்." எங்கள் வார்டில் சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளி திறப்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஆப்பரேஷன் ஆகி நாலு நாள் ஆனவள். பச்சை உடம்புக்காரி. தட்டில் கைப்பிடிச் சோறு, மிளகு ரசம், வறுத்த பூண்டு நாலு பல். பருப்பு இல்லை, கீரை இல்லை, முட்டை இல்லை, பழம் இல்லை. தண்ணீர் கேட்டால் "வயிறு பெருத்துப் போகும்" என்று அரை டம்ளர். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கை எங்கே நீள்கிறது என்று பார்க்கிற ஒருவர். அவள் மாமியாராக இருக்கலாம், அம்மாவாகவும் இருக்கலாம். இருவரும் அவளுக்குக் கெடுதல் நினைப்பவர்கள் அல்ல. ஆனாலும் அவள் பசியோடு இருக்கிறாள்.

பருப்பும் கிழங்கும் தின்றால் அவள் குடலில் காற்று உண்டாகும். அது அவள் குடலோடு சரி. அந்தக் காற்று ரத்தத்தில் ஏறி, மார்புக்கு வந்து, பாலில் குமிழியாகப் பிள்ளையிடம் போவதில்லை. பால் ரத்தத்திலிருந்து ஊறுகிறது, இரைப்பையிலிருந்து அல்ல. சாப்பாட்டின் மணம் பாலில் கொஞ்சம் வரும், அது உண்மை. 1991-ல் அமெரிக்காவில் பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பூண்டு கொடுத்துப் பார்த்தார்கள். பாலில் பூண்டு மணம் ஏறியது. பிள்ளைகள் வெறுக்கவில்லை, வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பிலேயே இருந்தார்கள். உங்கள் பூண்டுக் குழம்பை நீங்கள் தாராளமாகக் கொடுங்கள். கூடவே பருப்பும் கொடுங்கள், வாழைக்காயும் கொடுங்கள். முதல் ஆறு மாதம் பால் கொடுப்பவளுக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளுக்கு 600 கலோரி வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. ஏறக்குறைய இன்னும் ஒரு வேளைச் சாப்பாடு. நாமோ இருந்ததில் ஒரு வேளையைப் பிடுங்குகிறோம்.

காபி, டீ நிறையக் குடித்தால் பிள்ளை தூங்காமல் சிணுங்கலாம், அதைக் குறைக்கச் சொல்லுங்கள், போதும். சில பிள்ளைகளுக்கு மட்டும், தாய் குடிக்கும் பசும்பாலின் புரதம் ஒத்துக்கொள்ளாது. அப்போது மலத்தில் சளியோ ரத்தமோ வரும், தோலில் தடிப்பு வரலாம், எடை ஏறாமல் போகலாம். அதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் சொன்னால் பாலும் தயிரும் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். சந்தேகத்தின் பேரில் நாமாக அவள் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகக் கூடாது.

அப்படியானால் அழுகிற பிள்ளைக்கு என்னதான் செய்வது? பிள்ளை மார்பைப் பிடிக்கிற விதத்தைப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். உள்ளே போகும் காற்றில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. காம்பை மட்டும் வாய் நுனியில் கவ்வினால் "ச்சக், ச்சக்" என்று நாக்கு தட்டும் சத்தம் கேட்கும், தாய்க்குக் காம்பு வெடிக்கும், பிள்ளை காற்றையும் சேர்த்து விழுங்கும். வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து மார்பைப் பிள்ளை வாயில் திணிக்கக் கூடாது. தாடை மார்பில் பதிந்திருக்கட்டும். கீழுதடு வெளியே பிதுங்கியிருக்கட்டும். கருவட்டம் கீழே மறைந்து மேலே கொஞ்சம் தெரிந்தால் சரி. தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். அவளுக்கு இதையெல்லாம் குனிந்து பார்க்க முடியாது, தையல் வலிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல உங்களால் முடியும்.

கடிகாரத்தைப் பார்த்து இந்தப் பக்கம் பத்து நிமிடம், அந்தப் பக்கம் பத்து நிமிடம் என்று மாற்றிப் போடச் சொல்லாதீர்கள். முதலில் வரும் பாலில் கொழுப்புக் குறைவு, குடிக்கக் குடிக்கக் கொழுப்பு ஏறும். பால் நிறைய ஊறுகிற தாய் சீக்கிரம் சீக்கிரமாக மார்பை மாற்றினால் பிள்ளைக்கு முதல் பாலே இரண்டு பக்கமும் கிடைத்து, சர்க்கரை அதிகமாகக் குடலில் இறங்கும். அதனால் காற்றும் பச்சையாக நுரைத்த மலமும் வரும். ஒரு பக்கத்தைப் பிள்ளை தானாக விடும்வரை குடிக்கட்டும். பிறகும் கேட்டால் மறுபக்கம். பால் பீய்ச்சி அடித்துப் பிள்ளைக்குப் புரை ஏறினால், தாயைத் தலையணைகளில் சாய்ந்து படுக்கச் சொல்லிப் பிள்ளையை அவள் மேலே போடுங்கள், பாலின் வேகம் அடங்கும். பிள்ளை அலறத் தொடங்கியபின் மார்பில் போடுவதைவிட, தலையை இங்கும் அங்கும் திருப்பிக் கையைச் சூப்பத் தொடங்கும்போதே கொடுப்பது நல்லது. பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்துச் சொல்லாதீர்கள். முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்தில் பிறந்த எடையைத் திரும்ப எட்டிவிட்டதா, அதற்குப் பிறகு ஏறிக்கொண்டே வருகிறதா என்பதை வைத்துச் சொல்லுங்கள்.

குடித்தபின் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது நல்ல வழக்கம். அதையும் அளவோடு செய்யுங்கள். சண்டிகரில் 71 தாய்–சேய் இணைகளை வைத்து ஆராய்ந்ததில், ஏப்பம் விட வைத்ததால் கோலிக் குறையவில்லை என்றுதான் தெரிந்தது, கக்குவது கூடியது. சில நிமிடம் நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தடவுங்கள். வரவில்லையா, விட்டுவிடுங்கள். தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்ப வேண்டாம்.

இதைவிடப் பலன் உள்ளது உங்களிடமே இருக்கிறது. தூக்கி வைத்துக்கொள்வது. "கை சூடு கண்டால் கீழே இறங்காது" என்று சிலர் பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். 1986-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில், பிள்ளை அழாதபோதும் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருக்கச் சொல்லிப் பார்த்ததில், அப்படித் தூக்கப்பட்ட பிள்ளைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். உங்கள் முன்கையில் பிள்ளையைக் குப்புறப் போட்டு, தலை முழங்கை மடிப்பிலும் கை அதன் வயிற்றிலும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடங்கள். மடியில் மல்லாத்திப் போட்டு முழங்காலை மெல்ல மடக்கி வயிற்றுப் பக்கம் கொண்டுபோய் நீட்டுங்கள். பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து, தொப்புளைச் சுற்றி வலமாக எண்ணெய்க் கையால் தடவுங்கள். வெறும் உடம்போடு தாயின் மார்பில் போட்டுத் துணியால் போர்த்துங்கள். விளக்கைக் குறைத்து, டிவியை நிறுத்தி, வந்துபோகிறவர்களை வெளியே உட்காரவைத்துத் தாலாட்டுங்கள். உங்களுக்குக் கண் சொருகினால் பிள்ளையோடு நாற்காலியில் தூங்கிவிடாதீர்கள். மல்லாத்திப் படுக்கையில் போட்டுவிடுங்கள். யாராக இருந்தாலும், எவ்வளவு எரிச்சல் வந்தாலும், பிள்ளையைப் பிடித்து உலுக்கக் கூடாது. அந்த உலுக்கலில் மூளைக்குள் ரத்தம் கசியும். முடியவில்லை என்றால் பத்திரமான இடத்தில் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நின்று வரலாம். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

எல்லா அழுகையும் சாயங்கால அழுகை இல்லை என்பதையும் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் நிதானமாகப் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள். மூன்று மாதத்துக்குள் உடம்புச் சூடு 100.4 டிகிரியைத் தொட்டால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால், வயிறு கல் மாதிரி உப்பி அடங்காமலே இருந்தால், பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், அழுகையின் சத்தமே மாறி முனகலானால், தொடையிடுக்கில் கட்டி புடைத்திருந்தால், பிறந்து 24 மணி நேரத்தில் முதல் கறுப்பு மலம் போகாதிருந்தால், இவற்றில் எதற்கும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகமாக இருந்தால் 104-ல் கேட்கலாம். மந்திரிக்கப் போய் இழக்கிற ஒரு ராத்திரி சில பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைப்பதில்லை.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். உங்களிடம் நான் கேட்பது இதுதான். பிள்ளைக்கு ஆறு மாதம் முடியும்வரை அந்தச் சங்கையும் உரைகல்லையும் கிரைப் வாட்டரையும் பரணில் போட்டுவிடுங்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர் கைப்பையிலிருந்து எதையாவது எடுத்து நீட்டினால், மருமகள் பேச முடியாது, நீங்கள் "வேண்டாம், டாக்டர் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வந்தால் ஊரே அடங்கும். அவள் தட்டில் நீங்களே பருப்பையும் கீரையையும் வையுங்கள், பெரிய சொம்பில் தண்ணீர் வையுங்கள். "பால் போதுதா?" என்ற கேள்வியை அவளிடம் தினமும் கேட்காதீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்குப் பிள்ளை சிணுங்கத் தொடங்கியதும், பால் குடித்து முடித்ததென்றால், கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மகனையும் கூப்பிட்டு ஒரு தோள் கொடுக்கச் சொல்லுங்கள், அவன் பிள்ளைதானே. அவளைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். பிள்ளை பசியில் தேடினால் மட்டும் எழுப்புங்கள். மூன்று மாதம் வரை இதை நீங்கள் செய்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பேரப்பிள்ளைகளைத் தினமும் தூக்கிப் பார்க்கிற ஒரு செவிலியர்